ஏழு வருடம் கழித்துச் செத்தவர்

ஷம்சாத் டீச்சர் அந்த நோட்டீஸை மேஜையில் அறைந்த வேகத்தில் ஜெரிஷின் சுலைமானி டீ தளும்பி, ஒரு இன்ஷூரன்ஸ் ஃபைல் மீது கொட்டியது.

"பாருங்க ராணிம்மா! நல்லா பாருங்க! திருடினதும் இல்லாம, அதுக்கு ஹோட்டல்ல விழா வேற எடுக்கறான்!"

ஜெரிஷ் ஃபைலை உதறினான். "விடுங்க டீச்சர். பொய்யா கால் உடைஞ்சவனுக்க ஃபைலுதான். கொஞ்சம் நனையட்டும்."

அற்புதராணி சிரிக்கவில்லை. டீச்சர் இன்னும் நோட்டீஸ் மேலிருந்து கையை எடுக்காததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வெறும் கோபம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். குளச்சலிலிருந்து வந்து, துபாயில் ஓர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள். நோயாளி பொய் சொன்னால் டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். இதைக் கேள்விப்பட்ட ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி, பொய்க் கோரிக்கைகளைத் துருவ அவளை இழுத்துக்கொண்டது. இப்போது தேராவில், நைஃப் ரோட்டுக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் ஓர் அறை, இரண்டு மேஜை, உதவிக்கு ஜெரிஷ். அவன் ருவைஸ் ரிஃபைனரியில் டெக்னீஷியனாக இருந்தவன். ஃபோர்மேனைப் பற்றி அடித்த ஜோக் ஃபோர்மேன் காதுக்கே போனதால் வேலை போனவன்.

டீச்சரின் கணவர் சாகும்வரை அவரைப் பார்த்துக்கொண்டது அற்புதராணிதான். அந்தப் பழக்கத்தில்தான் ஷம்சாத் இங்கே வந்திருந்தார்.

"உக்காருங்க டீச்சர். மொதல்ல இருந்து சொல்லுங்க. என்ன களவு போச்சி?"

ஷம்சாத் உட்காரவில்லை. நின்றுகொண்டே கொட்டினார்.

அவர்களுடையது ஆற்காட்டு ரக்மி குடும்பம். டெல்லியில் முகலாய பாதுஷாவின் செயலகத்தில் ஃபர்மான், அதாவது அரச ஆணை, எழுதியவர்கள். முகலாயப் படையோடு தெற்கே வந்து, ஆற்காடு நவாபின் தர்பாரில் நான்கு தலைமுறை தலைமை எழுத்தராக இருந்தார்கள். கம்பெனிக்காரன் நவாபு பட்டத்தை ஒழித்ததும் உத்தியோகம் போயிற்று. பேனா மட்டும் மிஞ்சியது. அந்தப் பேனாவால் வீட்டில் உருதுக் கவிதை எழுத ஆரம்பித்தார்கள். அதிலும் சிறப்பாக எழுதியவர் ஒரு பெண். ஷம்சாத்தின் பாட்டனாரைப் பெற்றவர். 'நிஹான்' என்ற புனைபெயரில் ஒரு நோட்டு நிறைய கஜல் எழுதி வைத்திருந்தார்.

"நிஹான்னா?" என்றாள் அற்புதராணி.

"மறைஞ்சிருக்கறவங்கன்னு அர்த்தம். அந்த நோட்டு என் பீரோவுல இருந்தது. ரம்ஜான்ல உருதுக் கவிதை விழாக் கமிட்டிக்காரங்க எல்லாரும் என் வீட்டுக்கு இஃப்தாருக்கு வந்தாங்க. மறுநாள் பார்த்தா நோட்டைக் காணோம். பூட்டு உடையல. இன்னைக்கு இந்த நோட்டீஸ் வருது. 'ரக்மி குடும்பத்தின் மகாகவி அமீர் அலியின் கவிதைகள்'னு! அமீர் அலி யாருன்னு தெரியுமா? அவங்க புருஷன், சொந்தத்துலயே கட்டினவர்! ஆயுசு பூரா மனுவைத் தவிர எதுவும் எழுதாத மனுஷன்!"

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகம் என்ன? கமிட்டித் தலைவன் நூருல் அமீன்தான். தோல் ஏத்துமதி பண்றவன். நோட்டைக் காட்டுங்க காட்டுங்கன்னு ஒரு வருஷமா உயிரை வாங்கினான். போலீசுக்குப் போகலாம்னேன். என் அண்ணன்தான் வேண்டாம்னுட்டார், குடும்ப மானம் போயிடும்னு. பாவம், அவரையும் ஏமாத்திட்டாங்க."

அற்புதராணி நோட்டீஸை எடுத்தாள். பச்சை எழுத்தில் உருது. நடுவில் ஒரு கவிதை.

"இது எதைப் பத்தின பாட்டு?"

"நிஹான் தன் அப்பா இறந்தப்ப எழுதினது. இதுல கடைசி அடியில அவங்க பேரு வரும். அதைத் தூக்கிட்டு 'அமீர்'னு போட்டிருக்கான். தாளம் கூடக் கெடல. பேரு மட்டும் போச்சு."

ஆஸ்பத்திரியில் அற்புதராணி விடிய விடிய எழுதிய குறிப்புகளுக்குக் காலையில் டாக்டர் கையெழுத்துப் போடுவார். மீட்டிங்கில் அதே வரிகளைத் தன் வரிகளாக வாசிப்பார். பன்னிரண்டு வருடம் அதை வாயை மூடிக்கொண்டு கேட்டவள் அவள். நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"லே ஜெரிஷு, வண்டிய எடு."

"நூருல் அமீன் ஆபீசுக்கா அக்கா?"

"இல்ல. நாம போய் 'நீ மாத்தினியா'ன்னு கேட்டா, 'ஆமா'ன்னு சொல்லி டீ வாங்கித் தருவானா? பேர மாத்தினதுக்கு மொதல்ல சாட்சி வேணும். டீச்சர், உங்ககிட்ட வேற நகல் உண்டா?"

"என் கையால எழுதி வச்ச ஸ்கூல் நோட்டு இருக்கு. ஆனா அதைக் காட்டினா, நானே எழுதிக்கிட்டேன்னு சொல்லிடுவானே!"

"எடுத்துட்டு வாங்க. உருது தெரிஞ்ச, உங்களுக்குச் சொந்தம் இல்லாத ஒரு ஆளுகிட்ட போவோம்."

செய்கு முகம்மது காயல்பட்டினத்துக்காரர். மசாலா சூக் என்ற சந்தையின் நடுவில் அத்தர் கடை. அரபியும் உருதுவும் தண்ணீர் பட்ட பாடு. நோட்டீஸைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவர் ஒரே நிமிடத்தில் நிமிர்ந்தார்.

"இது தாரீக் பாட்டும்மா."

"அப்படின்னா பாய்?"

"லாரி முன்னாடி 786ன்னு போட்டு ஈக்குதே, பாத்திருப்பியோ. அது பிஸ்மில்லாவோட எழுத்துகளைக் கூட்டின தொகை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண்ணு உண்டு. அந்தக் காலத்துக் கவிஞரு யாராச்சும் மௌத்தானா இரங்கல் பாடுவாரு. கடைசி அடியோட எழுத்த எல்லாம் கூட்டினா, மௌத்தான ஹிஜ்ரி வருஷம் வரும். பாட்டுக்குள்ளயே தேதிய வச்சிருவாங்க."

ஷம்சாத்தின் முகம் மாறியது. "யா அல்லாஹ், கோபத்துல எனக்கு இது தோணவே இல்லையே! கூட்டுங்க பாய்!"

செய்கு முகம்மது ஓர் அத்தர் பெட்டியின் அட்டையைக் கிழித்து, பென்சிலால் எண்களை அடுக்கினார். கூட்டினார். முகம் சுளித்து மறுபடி கூட்டினார்.

"ஆயிரத்து நானூத்தி முப்பத்தி நாலு."

"இப்ப என்ன வருஷம் பாய்?"

"இப்ப ஓடுறது ஆயிரத்து நானூத்தி இருபத்தேழு. இந்த நோட்டீசுப்படி அந்தப் பெரியவரு இன்னும் ஏழு வருஷம் கழிச்சுத்தான் மௌத்தாவாரு."

ஜெரிஷ் கையைத் தட்டினான். "அப்ப அவரு விலாசத்தத் தாங்க டீச்சர். நேரம் இருக்கு, ஒரு பாலிசி போட்டிருவோம்."

அற்புதராணி அவனைக் கவனிக்கவில்லை. "பாய், அந்த 'அமீர்'ங்கற பேரை எடுத்துட்டு 'நிஹான்'னு போட்டா?"

பென்சில் ஓடியது. "அமீர் இருநூத்தி ஐம்பத்தொண்ணு. நிஹான் நூத்தி ஆறு. நூத்தி நாப்பத்தஞ்சு குறையுது. அப்ப... ஆயிரத்து இருநூத்தி எண்பத்தொம்பது."

"ஆற்காட்டுல கல்லறையில வெட்டியிருக்கு!" ஷம்சாத் கத்தியதில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "1289! அவங்க அப்பா இறந்த வருஷம்! எங்க வீட்டுல தேதி தப்பாதுங்க. ஃபர்மான்ல தேதியைத் தப்பா எழுதின ஒரு மூதாதையரை இன்னைக்கு வரைக்கும் பேர் சொல்லித் திட்டறோம். அந்த வீட்டுக் கவிதையில இந்தப் பாவி..."

அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் திணித்தார்.

சாட்சி கிடைத்துவிட்டது. நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் தன் பெயரை எண்ணாக மாற்றி அடியில் பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பெயரைத் திருடினவனுக்கு அந்தப் பூட்டு கண்ணில் படவில்லை.

வண்டியில் ஏறியதும் ஷம்சாத், "இப்ப நேரா நூருல் அமீன்கிட்ட விடுங்க. அவன் முகத்துல இந்த அட்டையை வீசறேன்" என்றார்.

முன் சீட்டில் அற்புதராணி ஸ்கூல் நோட்டையும் நோட்டீஸையும் மடியில் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உருது தெரியாது. ஆனால் டாக்டர்களின் கிறுக்கல்களை வருடக்கணக்காக ஒப்பிட்டுப் பார்த்த கண் அது.

"டீச்சர், ரெண்டாவது வரியில நீங்க ஒரு எடத்த வெறுமனே விட்டிருக்கீங்களே. ஏன்?"

"அதுவா? அசல்ல அந்த இடத்தைப் பூச்சி அரிச்சுடுச்சு. ஓட்டை. நான் பொறக்கறதுக்கு முன்னாலேயே போன வார்த்தை. 'இன்று ஏதோ ஒன்று வற்றிவிட்டது, பேனா எங்கே குனியும்'னு வரும். என்ன வத்திச்சுன்னு தெரியல. நதியா இருக்கும்னு முப்பது வருஷமா நினைச்சிட்டிருக்கேன்."

"நோட்டீசுல அந்த ஓட்டை இல்லியே."

ஷம்சாத் பின் சீட்டிலிருந்து எட்டி நோட்டீஸைப் பிடுங்கினார். காலையிலிருந்து பெயரைப் பார்த்தே கொதித்துக்கொண்டிருந்தவர், முதல் முறையாக அந்த வரியைப் படித்தார்.

"தவாத்..." என்றார் மெதுவாக. "மைக்கூடு. 'இன்று மைக்கூடு வற்றிவிட்டது'. அப்பாவை மைக்கூடுன்னு சொல்லியிருக்காங்க. எழுத்தர் வீட்டுப் பொண்ணு இல்லையா." கண் நிறைந்துவிட்டது.

ஜெரிஷ் சிக்னலில் வண்டியை நிறுத்தினான். "திருடன் நல்ல கவிஞன்போல இருக்கே. ஓட்டையில கூட சரியா நெரப்பியிருக்கான்."

"நெரப்பல லே," என்றாள் அற்புதராணி. "அவனுக்கு அது தெரிஞ்சிருக்கு. ஓட்டைய யாரும் வாசிக்க முடியாது. காதால கேட்டிருந்தாத்தான் உண்டு. டீச்சர், இந்தப் பாட்ட முழுசா வாயால சொன்னவங்க யாரு?"

"எங்கப்பா. சின்ன வயசுல வீட்டு மெஹ்ஃபில்ல பாடுவார். ஆம்பிளைங்க மட்டும் உக்கார்ற கூடம். என்னை உள்ள விடமாட்டாங்க."

"அங்க இருந்தவங்க?"

"எல்லாரும் செத்துப் போயிட்டாங்க," என்றார் ஷம்சாத். சட்டென்று சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு நூருல் அமீன் பெயரை அவர் எடுக்கவில்லை.

அற்புதராணி நோட்டீஸைத் திரும்ப வாங்கி, அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சக முகவரியைப் பார்த்தாள். க்ரீக் ஓரம், அப்ரா படகுத்துறைக்கு இரண்டு தெரு பின்னால்.

அச்சகத்தின் மேனேஜர் உமாபதி, கும்பகோணத்துக்காரர். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே தொண்டை கரகரத்துப் போனவர்.

"அமீர் அலி புத்தகமா? உள் பக்கமெல்லாம் அடிச்சாச்சு மேடம், அறுநூறு காப்பி. பைண்டிங்தான் பாக்கி. வர்ற வியாழக்கிழமை விழா."

"யார் குடுத்தாங்க? நூருல் அமீனா?"

"அவருக்கு உருது ஒரு எழுத்து தெரியாது. அவர் ஆர்டர் கொடுத்ததோட சரி. மேட்டர் கொண்டுவந்தது, ப்ரூஃப் பார்த்தது எல்லாம் ஒரு பெரியவர். எங்க டைப் அடிக்கிற இந்திக்காரப் பையன், 'இங்க ஒரு இடம் ஓட்டையா இருக்கு, என்ன போடறது'ன்னு கேட்டதுக்குக் கண்ண மூடிக்கிட்டு பாடியே காமிச்சார்னு சொன்னான். அப்படி ஒரு ஞாபகம்!"

"பேரு?"

"கலீமுல்லா சார்."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஷம்சாத் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"என் அண்ணன்," என்றார்.

உமாபதி விழித்தார். "இப்பதானே வந்துட்டுப் போனார்! அட்டைக்கு போட்டோ எடுக்க அந்தப் பழைய நோட்டு எங்ககிட்ட இருந்தது. வேலை முடிஞ்சுதான்னு கேட்டு வாங்கிட்டார். பத்திரமா வைங்க சார்னேன். 'அல்லாஹ் பேர் எழுதின பழைய காகிதத்தை எரிக்கக் கூடாது, ஓடற தண்ணியில விட்டுடணும்'னார். துறைப் பக்கம்தான் போனார், பத்து நிமிஷம் கூட ஆகலை."

மூன்று பேரும் ஓடினார்கள். ஐம்பத்தாறு வயது டீச்சர்தான் முன்னால் ஓடினார்.

ஷம்சாத் கைகாட்டிய அப்ரா கயிறு அவிழ்த்துவிட்டது. ஜெரிஷ் முதலில் தாவி, டீச்சரைக் கைப்பிடித்து இழுத்தான். அற்புதராணி கடைசியாகக் குதித்தாள். "பைட்டோ, பைட்டோ!" என்று படகோட்டி உட்காரச் சொல்லிக் கத்தினான். நடுவிலிருந்த பலகையில் இருபது ஆண்கள் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் வெள்ளைக் குர்தா, கறுப்புத் தொப்பி. மடியில் பட்டுத்துணி சுற்றிய ஒரு பொட்டலம்.

"ஷம்ஸூ?" கலீமுல்லா எழுந்திருக்கப் பார்த்தார். "நீ எங்கேம்மா இங்கே?"

ஷம்சாத் உருதுவில் ஆரம்பித்தார். இரண்டு வாக்கியத்தில் நிறுத்தினார். "இல்ல. தமிழ்லயே பேசுங்க பாய்ஜான். இவங்களுக்கும் புரியணும். பீரோ சாவியை என் கைப்பையிலிருந்து நீங்களா எடுத்தீங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. அதற்கான தேவையையே அவர் உணரவில்லை என்பதுபோல் பேசினார்.

"ஆமா. ஒன்பது தலைமுறை, ஷம்ஸூ. பாதுஷாவோட முத்திரைக்குப் பக்கத்துல நம்ம கையெழுத்து. அந்த வீட்டுப் பொம்பளை ஒருத்தி, பிரிவு, தாபம்னு எழுதினதை, ஹோட்டல் ஹாலுல நானூறு ஆம்பிளை உக்காந்து வாஹ் வாஹ்னு சொல்லணுமா? நீ அதைப் புஸ்தகமாப் போடறேன்னு கிளம்பிட்டே. நூருல் அமீன் விடமாட்டேங்கறான். கவிதை வெளிய வரட்டும். நல்ல கவிதை. யார் பேர்ல வந்தா என்ன?"

"அதே தாபம் ஆம்பிளை பேர்ல வந்தா கௌரவமா? என்கூட உக்காந்து நோட்டைத் தேடினீங்களே! நான் அழுதப்ப என் தலையைத் தடவினீங்களே!"

"குடும்பத்துக்காகத்தான் அதையும் செஞ்சேன்."

படகு க்ரீக்கின் நடுவுக்கு வந்திருந்தது. அவர் பொட்டலத்தைப் படகின் விளிம்புக்கு வெளியே நீட்டினார். ஜெரிஷ் பாய எழுந்தான். அற்புதராணி அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"போடுங்க சார்," என்றாள். "போட்டுட்டு வியாழக்கிழமை விழாவுக்கு வாங்க. ஆனா அதுக்கு முன்னாடி கடைசி அடிய ஒரு தடவை கூட்டிப் பாத்துருங்க."

"என்ன?"

"தாரீக். 'அமீர்'னு வச்சுக் கூட்டுங்க. அத்தர் கடைக்காரர் ஒருத்தரு ஒரு நிமிசத்துல கூட்டிட்டாரு. ஆயிரத்து நானூத்தி முப்பத்தி நாலு வருது."

அவர் இடது கை விரல் கணுக்களில் கட்டைவிரல் ஓட ஆரம்பித்தது. உதடு அசைந்தது. பாதியில் நின்று, முதலிலிருந்து மறுபடி எண்ணினார். வலது கை இன்னும் தண்ணீருக்கு மேலேயே இருந்தது.

அற்புதராணியின் குரல் உயர்ந்தது. அவள் அதை அடக்க முயலவில்லை. "அறுநூறு காப்பி சார். அந்தச் சபையில கணக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு இருந்தாப் போதும். பாதுஷாவுக்குத் தேதி எழுதின குடும்பம், சொந்தப் பெரியவரு செத்த வருசத்த ஏழு வருசம் முன்கூட்டி எழுதியிருக்குன்னு ஊரே சிரிக்கும். ஒரு பொம்பளைக்க பேர அழிக்கப் போயி உங்க வம்சத்துக்க மூளைய அழிச்சிட்டீங்க. நீங்க முட்டாள் குடும்பம் இல்லைங்கறதுக்கு இருக்கற ஒரே சாட்சி உங்க கையில இருக்கு. போடுங்க!"

ஜெரிஷ் முணுமுணுத்தான். "அக்கா, ரொம்ப உசுப்பாதிங்க. நிசமாவே போட்டுரப் போறாரு. எனக்கு நீச்சல் வரும், நோட்டுக்கு வராது."

கலீமுல்லா போடவில்லை. எண்ணி முடித்துவிட்டார். 1434. கை தானாக உள்ளே வந்தது. ஷம்சாத் பொட்டலத்தைப் பறித்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாமப் போச்சு," என்றார் அண்ணன். தன் குற்றத்தைச் சொன்னாரா, கணக்கைச் சொன்னாரா என்று யாருக்கும் புரியவில்லை.

"இன்னொண்ணும் எனக்குத் தெரியணும்," என்றார் ஷம்சாத். "நிஹான் புனைபெயர். அவங்க சொந்தப் பேர் என்ன? வம்சாவளிப் புஸ்தகம் உங்ககிட்டதான் இருக்கு. ஆம்பிளைங்க மட்டும் தொடற புஸ்தகம். அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. சொல்லுங்க."

"இத்தனை பேர் நடுவுலயா? வீட்டுக்குப் போய்..."

"இங்கேயே."

அவர் சுற்றிலும் பார்த்தார். பதான்கள், மலையாளிகள், வங்காளிகள், டியூட்டி முடிந்த களைப்பில் இருபது முகங்கள். உதடுகள் ஏதோ உச்சரித்தன. எஞ்சின் சத்தம் அதை விழுங்கியது.

"கேக்கல."

"சுக்ரா பேகம்!"

அப்ராவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழப் பதான், யாரையோ விசாரிக்கிறார்கள் என்று நினைத்து, இல்லை என்று கையை ஆட்டினார். ஷம்சாத் அந்தப் பெயரை இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அழவில்லை. கோபம் ஒரு துளியும் குறைந்ததாகத் தெரியவில்லை.

பர்துபாய்த் துறையில் இறங்கியதும் அற்புதராணி அச்சகத்துக்குப் போன் போட்டாள். உமாபதி தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் ஜெரிஷுக்கே கேட்டது. ஒவ்வொரு கஜலின் கடைசி அடியிலும் அந்தப் பெயர் வரும். அச்சடித்ததை எல்லாம் தூக்கிப் போட வேண்டும், விழாவை ஒரு மாதம் தள்ள வேண்டும். நூருல் அமீனிடம் தானே பேசுவதாக ஷம்சாத் சொன்னார். நாள் முழுக்கத் திட்டியதற்கு அவனிடம் மன்னிப்பும் கேட்க வேண்டியிருந்தது.

"அட்டையில என்ன பேர் போடணும்னு கேக்காரு டீச்சர்," என்றாள் அற்புதராணி, போனைக் கையால் பொத்திக்கொண்டு.

"சுக்ரா பேகம். கீழே, நிஹான்."

இரண்டடி தள்ளி நின்றிருந்த கலீமுல்லா முன்னால் வந்தார். தங்கையின் முகத்தை அவர் பார்க்கவில்லை. பணிந்த குரலில் கேட்டார். "ரக்மின்னு போடலையா, ஷம்ஸூ? நம்ம குடும்பப் பேர்?"

ஷம்சாத் படியேற ஆரம்பித்திருந்தார். நின்றார். திரும்பினார்.

"அதை நீங்களே வச்சுக்குங்க பாய்ஜான்."